ஒரு டன் வண்டியும் ட்வைலாவின் குதிரைகளும்

ஓக்லஹோமா
ஜனவரி 9

அன்புள்ள லொவெல்லா அக்காவுக்கு,

போனில் நான் கத்தினாலும் உனக்குக் கேட்பதில்லை. கேட்காதபோது நீ பதிலுக்குக் கத்துகிறாய். கேட்பவர்களுக்கு நாம் சண்டை போடுவது போலிருக்கும். அதனால் இனி எழுதுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

அப்பாவின் வீட்டில் ஒருவழியாகக் குடியேறிவிட்டேன். பள்ளிக்கூட வேலையும் டல்சா நகரமும் முடிந்த கதை. மேய்ச்சல் நிலத்தில் பெரும்பகுதியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சில பசுக்களும் இரண்டு குதிரைகளும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அவற்றை ஏற்றி இறக்க, டிரெய்லரை இழுக்கிற பிக்கப் வண்டி ஒன்று வேண்டும். அதைப் பற்றித்தான் உன்னிடம் கேட்கிறேன். மலைப்பாதையில் பிறர் குதிரைகளை ஏற்றிக்கொண்டு ஆயுள் முழுக்க ஓட்டியவள் நீ. அந்த எஞ்சின் சத்தத்தில்தானே உன் காதே போனது.

அரை டன் வண்டி வாங்குவதா, ஒரு டன் வண்டி வாங்குவதா? விற்பனைக்காரன் எனக்கு அரை டன்னே அதிகம் என்கிறான். கஃபேயில் இருப்பவர்களோ அது பால் வாங்கப் போகிற வண்டி என்று சிரிக்கிறார்கள். தானியக் கிடங்கை நடத்துகிற வெர்லினை உனக்கு நினைவிருக்கும். தீயணைப்புத் தொண்டர்களுக்கும் இப்போது அவர்தான் தலைவர். நேற்று என் சின்னக் காரைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும், "வாத்தியார் வந்துட்டாரு. கதவ மெதுவாத் திறங்கப்பா, காத்துல வண்டி பறந்துறப் போவுது" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் தட்டிலிருந்த முட்டையை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். இந்த வயதில் இதற்கெல்லாம் காது சிவக்கிறதே என்று அதற்கும் வெட்கமாக இருந்தது.

உன் தம்பி,
ராண்டல்

கொலராடோ
ஜனவரி 20

ராண்டல்,

முதலில் எதை இழுக்கப் போகிறாய் என்று சொல். அதைச் சொல்லாமல் வண்டி கேட்பவன், காலைக் காட்டாமல் செருப்புக் கேட்பவன்.

இழுப்பது ஒரு பெரிய காரியமே இல்லை. இப்போது வருகிற எல்லா வண்டியும் இழுக்கும். இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளுகிற பாரத்தை நிறுத்துவதுதான் காரியம். விற்பனைக்காரன் வாயில் வருகிற எண்ணை விட்டுவிடு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். முதுகில் அந்த வண்டி எவ்வளவு தாங்கும் என்று அதில் இருக்கிறது. டிரெய்லரின் மூக்கு அழுத்துகிற பாரம், உள்ளே உட்காருகிற ஆட்கள், நாய், சேணம், உன் தொப்பை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். உனக்கு இருப்பது இரண்டு குதிரை. ஊரோ தட்டையான ஊர். அரை டன் வண்டி உனக்குத் தாராளம்.

ஒரு டன் வண்டி வெறுமையாக ஓடினால் எலும்பைக் குலுக்கும். பின்னால் நாலு சக்கரம் வைத்துக்கொண்டு எங்கே நிறுத்துவாய்? ஆனால் நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் அதுவல்ல. அந்தப் பக்கத்தில் பெரிய வண்டி வாங்குகிறவன் ஊருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறான். புல்லில் தீப் பிடித்தால், புயல் வந்தால், யாருடைய மாட்டையாவது அவசரமாக ஏற்ற வேண்டுமென்றால், அவன் வீட்டுப் போன்தான் முதலில் அடிக்கும். முடியாதென்று சொல்ல முடியாது. அப்பாவின் வண்டி நம் வீட்டில் நின்றதைவிட அடுத்தவர் வீட்டில் நின்றதுதான் அதிகம். உன்னால் முடியுமா என்று யோசித்துக்கொள்.

லொவெல்லா

ஓக்லஹோமா
பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. ஒரு டன் வண்டியே வாங்கிவிட்டேன்.

பிற்காலத்தில் மாடு பெருகலாம், அப்போது மறுபடி வாங்குவதைவிட இப்போதே வாங்குவது மேல் என்று கணக்குப் போட்டேன். இதெல்லாம் பிறகு கண்டுபிடித்த காரணங்கள் என்று உனக்குத் தெரிந்துவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். வெள்ளை நிறம், டீசல், பின்னால் நாலு சக்கரம். தொழிலை விட்டுப் போகிற ஒருவரிடமிருந்து நீள டிரெய்லரும் கிடைத்தது. வண்டியின் முதுகில் இரும்புப் பந்து வைத்து, அதன் மேல் மாட்டுகிற வகை.

கஃபே வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். வெர்லின் வெளியே வந்து சுற்றிப் பார்த்தார், பக்கவாட்டுத் தகட்டில் கையை வைத்தார். "இப்பத்தான்யா உங்கப்பன் மகன் மாதிரி இருக்க" என்றார். அக்கா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. தானியக் கிடங்குப் பலகையில், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்கள் வரிசையில், என் பெயரை அவரே முதலில் எழுதினார். பக்கத்து வீட்டு ட்வைலாவும் அப்போது அங்கேதான் இருந்தாள். தன் குதிரைகள் எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்ற இனி ஒரு வண்டி இருக்கிறது என்றாள். அவளிடம் இருப்பது அரை டன்னும், இரண்டு குதிரை நிற்கிற சின்ன டிரெய்லரும்தான்.

ஒரு சங்கடம். முன்னால் போவது சுகமாக இருக்கிறது. பின்னால் எடுக்கும்போதுதான் டிரெய்லர் நான் சொல்கிற பக்கம் போகமாட்டேன் என்கிறது. இப்போதைக்குப் பின்னால் எடுக்கத் தேவையில்லாத இடமாகப் பார்த்து நிறுத்துகிறேன்.

ராண்டல்

கொலராடோ
பிப்ரவரி 20

ராண்டல்,

வாங்கித் தொலைத்துவிட்டாய். சரி.

பின்னால் எடுக்கத் தெரியாமல் அந்த வண்டியை வைத்திருப்பதும் வாசலில் யானையைக் கட்டி வைத்திருப்பதும் ஒன்று. காலி மேய்ச்சல் நிலத்துக்குப் போ. இரண்டு தீவன மூட்டையை வாசல் மாதிரி வை. ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வை. கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் டிரெய்லரின் வால் போகும். கொஞ்சம் திருப்பு, காத்திரு. நீள டிரெய்லர் மெதுவாகத்தான் கேட்கும். நீ பொறுமையில்லாமல் இன்னும் திருப்புவாய், அது பேனாக்கத்தி மாதிரி வண்டியின் பக்கமாக மடங்கிக்கொள்ளும். தினமும் செய். மூட்டை கிழியாமல் நுழைகிறவரை செய்.

அதுவரை யார் கண்ணிலும் படாதே. பட்டாலும் ஸ்டீயரிங்கை மட்டும் எவரிடமும் விட்டுவிடாதே. சொந்த வண்டியிலிருந்து இறங்கி அடுத்தவரை ஓட்டச் சொன்னவன் பெயர் அந்த ஊரில் அவன் கல்லறை வரைக்கும் கூடவே வரும். நம் வீட்டு மானத்தை வாங்காதே, வாத்தியாரே.

ட்வைலாவிடம் இருக்கிற பெண்குதிரை ஜூனிபர் எப்படி இருக்கிறாள்? குட்டியாக இருந்தபோது இங்கிருந்து அவளை ஏற்றிக்கொண்டு வந்து ட்வைலா வீட்டில் இறக்கியது நான்தான். வழி முழுக்க என் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டே வந்தாள். இப்போது நரைத்திருப்பாள்.

லொவெல்லா

ஓக்லஹோமா
மார்ச் 10

அன்புள்ள அக்கா,

தீயைப் பற்றிச் செய்தியில் பார்த்திருப்பாய். வீடு பத்திரமாக இருக்கிறது, நானும் நலம். காற்று மேற்கிலிருந்து அடித்து மதியத்துக்குள் நம் வடக்கு வேலியைத் தாண்டிவிட்டது. ஆட்களுக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. ட்வைலாவின் குதிரைகளில் சில போய்விட்டன. வேலிகள் நிறைய எரிந்துவிட்டன. வெளி மாநிலங்களிலிருந்தெல்லாம் வைக்கோல் ஏற்றிக்கொண்டு வண்டிகள் வந்தவண்ணம் இருக்கின்றன.

நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். இந்த வண்டி எனக்குப் பெரியதுதான். மேடு பள்ளத்தில் முதுகு வலிக்கிறது, டீசலும் நிறையக் குடிக்கிறது. கொடுத்துவிட்டு அரை டன் ஒன்று வாங்கலாமா என்று பார்க்கிறேன். அரை டன்னில் எது நல்லதென்று எழுது. இல்லையென்றால் எதுவுமே வாங்காமல் டல்சாவுக்கே திரும்பிவிடலாம் என்றும் ஒரு எண்ணம் இருக்கிறது. இந்தக் காற்று எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ராண்டல்

கொலராடோ
மார்ச் 27

ராண்டல்,

உன் கடிதம் வந்த அன்று நான் சொன்னது பலித்துவிட்டது என்று சிரித்தேன். அரை டன் வண்டிகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியும் வைத்தேன். அதை அனுப்பவில்லை.

ட்வைலாவுக்கு ஆறுதல் சொல்லி எழுதியிருந்தேன். பதில் வந்தது. ஜூனிபர் போய்விட்டாளாம். அதற்குக் கீழே, "ராண்டல் உடனே வந்தான். பெரிய வண்டியோடு வந்தான்" என்று எழுதியிருக்கிறாள். அவ்வளவுதான். நன்றி என்றும் இல்லை, குறை என்றும் இல்லை. நான் அதைப் பல தடவை படித்துவிட்டேன்.

எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றுகிற வண்டி உடனே வந்திருக்கிறது. பிறகு குதிரைகள் எப்படிப் போயின? முதுகு வலி, டீசல் என்று எனக்குக் கதை எழுதாதே. என்ன நடந்தது?

லொவெல்லா

ஓக்லஹோமா
ஏப்ரல் 2

அக்கா,

எழுத உட்கார்ந்து எழுந்து போய், மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

போன் முதலில் எனக்குத்தான் வந்தது. ட்வைலா வீட்டுக்குப் போ, உன் வண்டி ஒன்றே போதும் என்றார் வெர்லின். எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. தீக்கு நடுவில் எனக்குப் பெருமையாக இருந்தது.

அவள் வீட்டுப் பாதை உனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் வேலி, வேலியோரம் பள்ளம். முற்றத்தில் திரும்பி, பின்னால் எடுத்து, பட்டி வாசலில் டிரெய்லரின் வாலை வைக்க வேண்டும். நான் மூட்டை வைத்துப் பழகவில்லை. இரண்டு நாள் போனேன். மூட்டை கிழிந்ததும் சலித்துக்கொண்டு விட்டுவிட்டேன். யாரோ சாலையிலிருந்து பார்த்த மாதிரி இருந்தது, அதுவும் ஒரு காரணம்.

முதல் தடவை எடுத்தபோது வால் வேறு பக்கம் போனது. முன்னால் போய் மறுபடி எடுத்தேன். வண்டியும் டிரெய்லரும் மடங்கிக்கொண்டு முற்றத்து வாசலையும் பட்டி வாசலையும் சேர்த்தே அடைத்துவிட்டன. ட்வைலா அதற்குள் தன் அரை டன் வண்டியில் இரண்டு குதிரைகளை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு, அடுத்த நடைக்குத் திரும்பி வந்திருந்தாள். அவளால் உள்ளே வர முடியவில்லை. வேறு இரண்டு சின்ன வண்டிகளும் அவளுக்குப் பின்னால் நின்றன.

அவள் இறங்கி என் ஜன்னலுக்கு வந்தாள். கத்தவில்லை. "ராண்டல், நான் எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டாள். நான், "இதோ ஆச்சு" என்றேன்.

அவள் கை கதவின் கைப்பிடியில் இருந்தது. நம் ஊரில் அடுத்தவர் வண்டிக் கதவை அவர் சொல்லாமல் யாரும் திறப்பதில்லை. அவளும் திறக்கவில்லை. தன் குதிரைகள் உள்ளே கத்துகிறபோதும் எனக்கு மரியாதை கொடுத்து நின்றாள். நான் மறுபடி எடுத்தேன், மறுபடி மடங்கியது. "இதோ ஆச்சு" என்று மறுபடியும் சொன்னேன். இறங்கியிருந்தால் அவள் ஒரே இழுப்பில் வைத்திருப்பாள். தெரிந்தேதான் நான் இறங்கவில்லை. பின்னால் நின்ற வண்டிகளில் இருந்தவர்களின் முகம் கண்ணாடியில் தெரிந்துகொண்டிருந்தது.

காற்று திரும்பியது. பட்டியின் பின்பக்கக் கம்பியை வெட்டிக் குதிரைகளை விரட்டிவிட்டார்கள். சில ஆற்றுப்பக்கம் ஓடித் தப்பித்தன. மற்றவை புகையில் வழி தெரியாமல் பழகிய பட்டிக்கே திரும்பி ஓடின. ஜூனிபரும் அப்படித்தான் திரும்பினாள். அதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

பிறகு வெர்லின் வந்தார். கையைக் காட்டினார், நான் இறங்கினேன். அவர் ஏறி உட்கார்ந்து ஒரு தடவையில் வண்டியை நேராக்கிக் கொடுத்தார். இறங்குவதற்கு எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், யாராவது கையைக் காட்டுவது. ட்வைலா கேட்டபோது ஏன் முடியவில்லை?

இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கஃபேயில் நகர்ந்து இடம் தருகிறார்கள், மழை வருமா என்று பேசுகிறார்கள். போன வாரம் தெற்கே இன்னொரு தீ. ஜன்னலோரம் நின்று, விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டிகள் வரிசையாகப் போவதைப் பார்த்தேன். அதில் அரை டன் வண்டிகளும் போயின. என் பெயர் பலகையில் இன்னும் முதலில்தான் இருக்கிறது. எனக்குப் போன் வரவில்லை.

டல்சா வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். மாதக் கடைசியில் போகலாம்.

ராண்டல்

கொலராடோ
ஏப்ரல் 9

ராண்டல்,

உனக்கு எழுதுகிற கடிதத்துக்கெல்லாம் கரிக்காகிதம் வைத்து ஒரு படி எடுத்துக்கொள்வது என் பழக்கம். தொழிலில் வந்த பழக்கம். பிப்ரவரியில் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். ஸ்டீயரிங்கை எவரிடமும் விட்டுவிடாதே என்று என் கையெழுத்தில் இருக்கிறது. கல்லறை வரைக்கும் பெயர் வரும் என்றும் இருக்கிறது. எழுதும்போது சிரித்துக்கொண்டே எழுதினேன்.

இதை நீ சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் கோபப்படவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

நான் எழுதியது பொய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. மலையில் பனி பெய்த ஒரு நாள் வளைவில் நானே மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றிருக்கிறேன். குதிரைகள் பிழைத்தன. அதை உனக்கு எழுதாமல் கிண்டலை எழுதினேன். அக்கா கெட்டிக்காரி என்று நீ நினைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஜூனிபரை இறக்கிய அதே முற்றத்தில் என் பேச்சு அவளுக்கு எமனாகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது ராண்டல். இந்த வெட்கத்தில் நீ ஒரு பங்கு, நான் ஒரு பங்கு.

டல்சாவுக்குப் போனால் அங்கேயும் இதுதான் உன்னோடு வரும். ட்வைலாவிடம் கேக்கு எடுத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்காதே. நீ அழுதால் அவள் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அந்த வேலையையும் அவள் தலையில் கட்டாதே. வண்டியையும் விற்காதே. அது உனக்குப் பெரியதுதான். ஊருக்குப் பெரியதல்ல. அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. யோசனை சொல்கிற யோக்கியதையும் இப்போது எனக்கில்லை.

லொவெல்லா

ஓக்லஹோமா
ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

செவ்வாய்க்கிழமை மறுபடி தீயணைப்புச் சங்கு ஊதியது. கிழக்கே, பழைய ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். எனக்குப் போன் வரவில்லை. வராது என்று தெரிந்தே டிரெய்லரை மாட்டி, தானியக் கிடங்கு முற்றத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். நேராகப் போகத்தான் எனக்குத் தெரியுமே.

வண்டிகள் வரிசையாக நின்றன. வெர்லின் ஆட்களை எங்கெங்கே போவதென்று பிரித்துக்கொண்டிருந்தார். என் வண்டியைப் பார்த்ததும் நீட்டிய கையைப் பாதியில் இறக்கினார். யாரும் முகத்தைத் திருப்பவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. எஞ்சினை அணைக்காமல் இறங்கினேன். ட்வைலா தன் வண்டியின் பக்கத்தில் கையுறை போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் போனேன். ஆனால் அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்த அதே முகங்கள் அங்கே நின்றன. அதனால் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

"என் வண்டிய நீ எடுத்துக்க, ட்வைலா. எனக்கு அத ஓட்டத் தெரியாது."

பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளை எல்லார் முன்னாலும் எழுப்பி, தெரியாது என்று சொல்ல வைத்திருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் வண்டிச் சாவியை வெர்லினிடம் கொடுத்தாள். என் வண்டியில் ஏறினாள். அவளுக்குக் கால் எட்டவில்லை. இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள், கண்ணாடிகளைத் திருப்பி வைத்துக்கொண்டாள். என் வேலை முடிந்தது என்று நான் ஒதுங்கினேன். ஜன்னலை இறக்கினாள்.

"ஏறு. கேட்டத் திறக்க ஆள் வேணும்."

நம் பக்கத்தில் ஓட்டாமல் பக்கத்தில் உட்காருகிறவனுக்கு அதுதானே வேலை. சின்ன வயதில் உனக்கு நான் திறந்திருக்கிறேன். ஏறினேன். வழியிலிருந்த கேட் ஒவ்வொன்றிலும் இறங்கித் திறந்தேன், வண்டி போனதும் மூடிவிட்டு ஓடி வந்து ஏறினேன். ஒரு வயதான தம்பதியின் பசுக்கள். அந்தப் பட்டி ட்வைலாவுடையதைவிடக் குறுகல். அவள் ஸ்டீயரிங்கின் அடியில் கையை வைத்து, கொஞ்சம் திருப்பினாள், காத்திருந்தாள். டிரெய்லரின் வால் வாசலில் போய் உட்கார்ந்தது. நான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பசுக்கள் ஏறுகிற சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது. எல்லாப் பசுக்களும் ஒரே நடையில் வெளியே வந்துவிட்டன. வண்டி அதற்குத்தானே செய்தது. அன்றும் அதற்குத்தான் வந்திருந்தது.

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுதமாட்டேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. திரும்பும்போது அவள் வீட்டுப் பாதையைக் கடந்தோம். எரிந்த பட்டி சாலையிலிருந்தே தெரியும். அவள் அந்தப் பக்கம் பார்த்தாள், நான் பார்க்க முடியாமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். வெர்லின் அவள் வண்டியோடு பின்னாலேயே வந்திருந்தார். ட்வைலா இறங்கி, கையுறையைக் கழற்றிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தவள், நின்று திரும்பிப் பார்த்தாள்.

"சீட்டப் பின்னால தள்ளாத. அப்படியே இருக்கட்டும்."

டல்சா வீட்டுக்காரரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வண்டியை விற்கவில்லை. சாவி அதிலேயே இருக்கிறது, கதவும் பூட்டுவதில்லை, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று வெர்லினிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கஃபேக்குச் சின்னக் காரில்தான் போகிறேன். காலையில் மட்டும் பெரிய வண்டியை மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், மூட்டைகளை வைத்துப் பின்னால் எடுத்துப் பழகுகிறேன். இருக்கையை நகர்த்தவில்லை. முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறது.

உன் தம்பி,
ராண்டல்